பூனைக்கண்ணும் பூனைமீசையும்

தேயிலையே இல்லாத தேநீரும், காப்பிக்கொட்டையே இல்லாத காப்பியும் கோலாலம்பூரின் பழைய கடைத்தெருக்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. சீனர்கள் 'லியோங் சா' என்கிறார்கள். 'சா' என்றால் தேநீர்தான். ஆனால் பாத்திரத்துக்குள் கொதிப்பது வேரும் இலையும் பூவும். நாம் 'சுக்குக் காப்பி' என்கிறோம். அதில் சுக்கு உண்டு, மல்லி உண்டு, காப்பி மட்டும் கிடையாது. மலாய்க்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். 'ஆயர்' என்றே சொல்லிவிடுவார்கள், தண்ணீர் என்று.

பெட்டாலிங் ஸ்திரீட்டில் தொடங்கி, மாரியம்மன் கோயில், பசார் செனி, லெபோ அம்பாங் வழியாக மஸ்ஜிட் இந்தியா வரை நிதானமாக நடந்தால், அரை நாளில் இந்த மூன்று சமூகத்தாரின் பானங்களையும் ருசி பார்த்துவிடலாம். அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை என் அப்பாவை அழைத்துக்கொண்டு அப்படி ஒரு நடை போய்வந்தேன். சுற்றிப் பார்ப்பது மட்டும் நோக்கமல்ல. அப்பாவுக்குக் கடையில் கேட்டுக் குடிக்க ஒரு பானம் தேவைப்பட்டது.

நாளுக்கு ஆறு கிளாஸ்

அப்பாவுக்கு 69 வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் மரம் வெட்டக் கிளம்பும் தாத்தாவும் பாட்டியும் குடித்து மிச்சம் வைத்த தே ஓ-தான் அவர் வாழ்க்கையில் குடித்த முதல் தேநீர். பிறகு கிள்ளானில் 30 ஆண்டுகளுக்கு மேல் லோரி ஓட்டினார். ராத்திரி ஓட்டத்துக்குத் தே தாரிக் துணை. ஓய்வு பெற்ற பின்பும் கணக்குக் குறையவில்லை, நாளுக்கு ஆறு கிளாஸ். அதில் கடைசிக் கிளாஸ் மாலை ஆறு மணிக்கு, வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில், மூன்று கூட்டாளிகளோடு.

சென்ற ஆண்டு அவருக்குத் தூக்கம் கெட்டது. இரவு இரண்டு மணிக்கு முன்கூடத்தில் விளக்கு எரியும். நெஞ்சு படபடக்கிறது என்றார். மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை என்றார். பிறகுதான் கேட்டார், "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"

தேநீரிலும் காப்பியிலும் இருக்கும் காஃபின், நம் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். உடல்நலமுள்ள பெரியவர்கள் நாளுக்கு 400 மில்லிகிராம் வரையிலும், கர்ப்பிணிகள் 200 மில்லிகிராம் வரையிலும் காஃபின் எடுத்துக்கொண்டால் கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. ஆனால் உடலுக்கு உடல் வேறுபாடு உண்டு. "கொஞ்ச நாளைக்கு முழுசா நிறுத்திப் பாருங்க" என்றார் மருத்துவர்.

அப்பா மறுநாளே நிறுத்திவிட்டார். முதல் மூன்று நாள் தலைவலி. பிறகு தூக்கம் திரும்பிவந்தது. ஆனால் மாலைக் கடையும் அத்தோடு நின்றுபோனது. கூட்டாளிகள் வாசலில் வந்து அழைத்தால் கால் வலி என்றார். உண்மைக் காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

"எல்லாரும் டீ குடிக்கையில நான் சுடுதண்ணிய வச்சிக்கிட்டு உக்காரணுமா? நோயாளி மாதிரி இருக்கும்மா."

காஃபின் நீக்கிய தேயிலைப் பொட்டலம் ஒன்று வாங்கித் தந்தேன். அதிலும் துளியளவு காஃபின் மிஞ்சியிருக்கும் என்றாலும் பெருமளவு போய்விட்டிருக்கும். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் இருக்கு" என்றதோடு கிளாஸை வைத்துவிட்டார். தேநீரைப் போலவே இருக்க முயலும் எதைக் கொடுத்தாலும் நாக்கு தேநீரோடுதான் ஒப்பிடும். அதனால், தேநீரைப் போல இருக்க முயலாத பானங்களாகத் தேடுவோம் என்று முடிவு செய்தேன்.

மாவு ஆலைத் தெரு

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர்ப் பழைய நிலையத்தில் இறங்கி, நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் பசார் செனி. அங்கிருந்து சில நிமிடத்தில் பெட்டாலிங் ஸ்திரீட்.

சீனர்கள் இந்தத் தெருவை 'ச்சீ சோங் காய்' என்பார்கள். மாவு ஆலைத் தெரு என்று பொருள். 1868 முதல் 1885 வரை கப்பித்தானாக இருந்த யாப் ஆ லோய் இங்கே மரவள்ளிக் கிழங்கு மாவு ஆலை நடத்தினார். ஆலை போய் நூறாண்டுக்கு மேல் ஆகியும் பெயர் போகவில்லை. 1857-இல் ஈயம் தேடி ஆற்றில் படகேறி வந்தவர்களால் தொடங்கிய ஊர் இது. சேற்றிலும் வெயிலிலும் ஈயம் வெட்டியவர்களுக்குக் காய்ச்சலும் உடம்புச் சூடும் வழக்கமானவை. தென்சீனாவின் குவாங்டோங்கும் இதே மாதிரி ஈரமும் வெக்கையும் கலந்த மண்தான். அங்கே தெருக்கடைகளில் விற்ற மூலிகைக் கஷாயத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள். சீனா 2006-இல் இதைத் தன் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இங்கே பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை, தினமும் விற்கிறது.

கடையை அடையாளம் காண்பது எளிது. சுரைக்காய் வடிவத்தில் பளபளக்கும் பெரிய செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம், அடியில் குழாய், முன்னால் மூடி போட்ட கிளாஸ்கள். நாங்கள் நின்ற கடையில் ஒரு வயதான சீன அம்மாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, "பாடான் பானாஸ்கா?" என்று மலாயில் கேட்டார். உடம்பு சூடா என்று.

அப்பா சிரித்துவிட்டார். வாரக்கணக்கில் நான் காஃபின், மில்லிகிராம் என்று விளக்கியதைவிட அந்த ஒரு கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிப்பது நமக்குப் புதிதா என்ன? மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் கந்தோனியர்கள் 'யிட் ஹேய்' என்றும், மலாய்க்காரர்கள் 'பானாஸ், சேஜோக்' என்றும் சொல்கிறார்கள். எந்தப் பண்டம் எந்தப் பக்கம் என்பதில் மூவருக்கும் அவ்வப்போது சண்டை வரலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

இரண்டு வகை கேட்டோம். ஒன்று 'யா செய் மே', அதாவது 24 சுவை. பெயர்தான் 24, கடைக்குக் கடை மூலிகைகளின் எண்ணிக்கை மாறும். கறுத்து, கெட்டியாக, ஆவி பறக்க வந்தது. அப்பா முகர்ந்து பார்த்தார். ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"நிலவேம்புக் கஷாயம்மா! தோட்டத்துல காய்ச்சல் வந்தா எங்கம்மா மூக்கப் புடிச்சி ஊத்துவாங்க. இது அதுக்கு அண்ணன்."

அந்தச் சீன அம்மாள் ஓர் உப்புப் பிளம்பழத்தை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார், ஆனால் உடனே வாயில் போடவில்லை. அது சரியான முடிவு. கசப்பு இறங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு ஊறும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதே இனிப்பு. அது வருவதற்குள் பிளம்பழத்தைப் போட்டுவிட்டால் தெரியாமலே போய்விடும். கசப்புப் பானங்களை ருசிக்க ஒரு வழி சொல்லவேண்டுமென்றால் இதுதான்: சூடாகக் குடியுங்கள், சின்னச் சின்ன வாயாக இழுக்காமல் பெரிய வாயாகக் குடியுங்கள், பிறகு ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் காத்திருங்கள்.

மற்றொன்று செவ்வந்திப் பூ. காய்ந்த சின்னப் பூக்களைக் கொதிக்கவைத்துக் கற்கண்டு சேர்த்தது. வைக்கோலும் தேனும் கலந்த மாதிரி ஒரு மணம். கசப்புக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து தொடங்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். டிம்சம் கடைகளில் 'குக் போ' என்று ஒன்று தருவார்கள். அது செவ்வந்தியோடு பூ-எர் தேயிலை கலந்தது. காஃபின் உண்டு.

முதல் பூனை

அதே தெருவில், ஜாலான் ஹாங் லெக்கிர் சந்திக்கும் முனையில், 'ஆயர் மாத்தா கூச்சிங்' விற்கும் தள்ளுவண்டிக் கடை பிரபலம். மாத்தா கூச்சிங் என்றால் பூனைக்கண். லோங்கான் பழத்தை உரித்தால் வெள்ளைச் சதைக்குள் கறுப்புக் கொட்டை தெரியும். அதனால் வந்த பெயர்.

இந்தப் பானத்தில் உலர்ந்த லோங்கான், இனிப்பிட்டு உலர்த்திய வெள்ளைப் பூசணி, லோ ஹான் குவோ என்ற காய் ஆகியவை சேர்கின்றன. லோ ஹான் குவோ தென்சீனாவின் குவாங்சி மலைப்பகுதியில் விளையும் ஒரு கொடியின் காய். பார்க்க, பழுப்பு நிற முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். ஓடு மெல்லியது, விரலால் அழுத்தினாலே உடையும். லோ ஹான் என்றால் பௌத்தத் துறவி. இந்தக் காயின் இனிப்பு சர்க்கரையால் வருவது அல்ல. மோக்ரோசைட் என்ற சேர்மங்கள் அதற்குக் காரணம். அவற்றில் முக்கியமான ஒன்று சர்க்கரையைவிட ஏறத்தாழ 250 மடங்கு இனிப்பானது.

அப்பா ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு, "இது பாயசத்துக்குத் தம்பி" என்றார். கருகிய சர்க்கரையின் வாசமும், ஓரத்தில் லேசான புகைவாசமும் உண்டு. அடியில் தங்கும் லோங்கான் துண்டுகளைக் கரண்டியால் எடுத்துத் தின்னலாம். ஆனால் பூசணியோடு சேரும் சர்க்கரையும் இதில் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்றாலும், தினமும் குடிக்க இது சரிவராது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். இருப்பவர்கள் வீட்டில் லோ ஹான் குவோவை மட்டும் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். சீன மருந்துக் கடைகளில் காய் தனியாகவே கிடைக்கும்.

இரண்டாவது பூனை

அங்கிருந்து ஜாலான் துன் எச்.எஸ். லீ. 1873-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாசலில் மாலை கட்டுபவர்களைக் கொஞ்சம் வேடிக்கை பார்த்தோம். தைப்பூசத்துக்கு வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படும் இடம். அப்பா இளைஞராக இருந்தபோது ரதத்தோடு நடந்த கதையைச் சொன்னார். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் என்னென்ன கொடுத்தார்கள் என்பது இன்னும் அவருக்கு வரிசையாக நினைவிருக்கிறது. மோர், பானகம், சிரப். "யாரும் டீ குடுக்கல. அன்னிக்கு எனக்கு டீ ஞாபகமே வரல" என்றார். அதை நான் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

பசார் செனி கட்டடம் பக்கத்திலேயே. 1888-இல் ஈரச்சந்தையாகத் தொடங்கியது. இப்போது இருக்கும் நீல நிறக் கட்டடம் 1937-இல் உருவானது. மீனும் காய்கறியும் விற்ற இடத்தில் இன்று பாத்தேக்கும் கைவினைப் பொருளும் விற்கிறார்கள். உணவுக்கடைகளும் உண்டு.

ஒரு மலாய்ப் பெண்மணியின் கடையில் 'ஆயர் செராய் பாண்டான்' வாங்கினோம். செராய் என்பது எலுமிச்சைப்புல். அதைத் தட்டிப்போட்டு, பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்கவைத்தது. புல்லின் காரமான எலுமிச்சை மணமும், பாண்டானின் பாயச மணமும் ஒன்றையொன்று அமுக்காமல் இருந்தன. சர்க்கரை போடாமலே குடிக்க முடிந்தது. அன்று காலை அப்பா இரண்டாவது கிளாஸ் கேட்டது இதற்குத்தான்.

பக்கத்துக் கண்ணாடிக் குடுவையில் நீலமாக ஒன்று. 'புங்கா தெலாங்'. நம் சங்குப்பூதான். மலாய்க்காரர்கள் நாசி கெராபுவில் சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இதைக்கொண்டுதான். அந்தப் பெண்மணி ஒரு எலுமிச்சையைப் பிழிய, நீலம் ஊதாவாக மாறியது. பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் நிறம் மாறும். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் வாயைப் பிளந்தான். அப்பாவும்தான். சுவையைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லவேண்டும்: சங்குப்பூவுக்குத் தனிச்சுவை மிகக் குறைவு, பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் போல இருக்கும். எலுமிச்சையும் தேனும் சேர்ந்தால்தான் பானம். பிள்ளைகளுக்குச் சிரப்புக்குப் பதிலாக இதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

கல்லாவின் ஓரத்தில் காய்ந்த இலைப் பொட்டலங்கள். 'மிசாய் கூச்சிங்', அதாவது பூனைமீசை. வெள்ளைப் பூவிலிருந்து நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள் மீசை மாதிரியே இருக்கும். சிறுநீர் நன்றாகப் போவதற்காக மலாய்க் கிராமங்களில் குடித்துவந்த கஷாயம். ஐரோப்பாவில் இதை 'ஜாவா தேநீர்' என்கிறார்கள். ஆக, இதுவும் பெயரில் மட்டும் தேநீர். அப்பா பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கீழே வைக்கச் சொன்னேன். காஃபின் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மூலிகை எல்லாருக்கும் ஏற்றதாகிவிடாது. சிறுநீரகம், இதயம், அழுத்தம் இவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இப்படிப்பட்டவற்றைத் தொடர்ந்து குடிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. இனிப்புக்காகப் பல கஷாயங்களில் சேரும் அதிமதுரமும் அப்படித்தான். அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

"கண்ணு இருக்கிற பூனை நல்ல பூனை, மீச இருக்கிற பூனை டாக்டர் பூனையா?" என்று கேட்டபடி அப்பா நடந்தார்.

சுக்கு மணக்கும் தெரு

மேடான் பசாரைக் கடந்து லெபோ அம்பாங். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. அதைத் தாண்டினால், இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் 1909-இல் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல். அதற்கப்பால் மஸ்ஜிட் இந்தியா. துணிக்கடை, பூக்கடை, பலகாரக்கடை எல்லாம் தாண்டி, ஒரு மளிகைக்கடைக்குள் நுழைந்ததுமே சுக்கும் ஏலமும் கலந்த வாசம் வந்தது.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த பழமொழி. அதனாலேயே சுக்குக் காப்பியைச் சளி பிடித்தால் மட்டும் நினைக்கிறோம். எனக்கும் என் வயதுக்காரர்களுக்கும் அது மருந்து அலமாரியில் இருக்கும் பொருள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் குடித்துப் பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். வறுத்த மல்லியில் ஆரஞ்சுத் தோலின் மணம் உண்டு. மிளகு நாக்கில், சுக்கு தொண்டையில், கருப்பட்டி கடைசியில். ஒன்றன்பின் ஒன்றாக வரும். காப்பி போலக் கறுப்பாகவும் இருக்கும். 24 சுவைக்கு இது கொஞ்சமும் இளைத்ததில்லை.

கடைக்காரர் துளசி, ஆவாரம்பூ, நன்னாரி என்று எடுத்து வைத்தார். காப்பி, தேநீர்க் கடைகள் தெருவுக்குத் தெரு வருமுன் நம்மவர்கள் என்ன குடித்தார்கள் என்பதற்கு அந்த அலமாரியே பதில். அப்பா சுக்கும் மல்லியும் மட்டும் வாங்கினார். "மத்ததெல்லாம் அப்புறம். ஒன்னு ஒன்னாப் பழகுவோம்" என்றார்.

மாமாக் கடையில் என்ன கேட்பது?

பகல் சாப்பாட்டுக்கு ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். உண்மையான சோதனை இங்கேதான். வீட்டில் எதை வேண்டுமானாலும் காய்ச்சிக் குடிக்கலாம். நாலு பேரோடு உட்காரும் மேசையில் சட்டென்று கேட்க ஒரு பெயர் வேண்டும்.

இங்கே பெயர்கள் ஏமாற்றும். தே ஹாலியாவில் இஞ்சி இருந்தாலும் தேயிலை உண்டு. தே ஓ லீமாவிலும் உண்டு. பச்சைத் தேநீர், வெள்ளைத் தேநீர் எல்லாம் ஒரே செடியின் இலைகள், எல்லாவற்றிலும் காஃபின் உண்டு. மைலோவில் கொக்கோ வழியாகச் சிறிதளவு சேரும். மூலிகைத் தேநீர் என்று அச்சிட்ட பொட்டலங்கள் சிலவற்றில் தேயிலையும் கலந்திருக்கும், உள்ளடக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'தே' என்ற சொல் இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். சூடான பார்லி, சூடான லீமாவ், ஆயர் ஹாலியா. பிறகு, சூசு ஹாலியா.

சூசு ஹாலியா என்பது இஞ்சிச் சாறும் சூடான பாலும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கலக்குபவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, சூசு ஹாலியா ஒன்னு. தாரிக் பண்ணிக் குடு."

அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு குவளைகளை எடுத்து, கை எட்டும் உயரத்துக்கு இழுத்து ஆற்றினார். நுரை பொங்க, பழைய கிளாஸ் மாதிரியே மேசைக்கு வந்தது. அப்பா அதைத் தேநீரோடு ஒப்பிடவில்லை. "இஞ்சி இன்னுங் கொஞ்சம் தட்டிப் போடலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு மாலை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. கடைப்பக்கம் காரை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நான்கு பேர் இருந்தார்கள். மூன்று கிளாஸ் தே தாரிக், ஒன்று வெள்ளையாக. எதைப் பற்றியோ உரக்கச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் செய்து பார்க்க

சுக்குமல்லிக் காப்பி: நான்கு மேசைக்கரண்டி மல்லி, ஒரு விரல் நீளச் சுக்கு, ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு ஏலக்காய். சுக்கை முதலில் தட்டிக்கொள்ளுங்கள். மல்லியையும் மிளகையும் மணம் வரும்வரை வறுத்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடியுங்கள். இரண்டு கிளாஸ் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பொடி, ஐந்து நிமிடம் கொதி, பிறகு வடிகட்டி. கருப்பட்டி கிடைக்காவிட்டால் குலா மலாக்கா சேருங்கள், நன்றாகவே பொருந்துகிறது.

செராய் பாண்டான்: மூன்று தண்டு செராயின் வெள்ளைப் பகுதியைத் தட்டி, மூன்று பாண்டான் இலையை முடிச்சிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் 15 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க ஏற்றது. மிஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் பிள்ளைகளின் பள்ளிப் புட்டிக்கு ஆகும்.

செவ்வந்தி: ஒரு கைப்பிடி காய்ந்த பூவை ஒருமுறை அலசி, ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் கசக்கும். சிறு துண்டு கற்கண்டு. செவ்வந்தி, சாமந்திப் பூக்கள் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்கவேண்டும்.

நடைக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிவாக்கில் தொடங்குங்கள். ஒரு கடையில் ஒரு கிளாஸை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் லெபோ அம்பாங் வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும். கசப்பை முதலிலும் இனிப்பைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கஷாயம் எதற்கு என்று கடைக்காரரைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.